நாற்பதாவது பீஸ்

1

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நான் குடியிருக்கும் ஊரில், வருடத்துக்கு இரண்டு முறை என் வண்ணப்பெட்டியில் சாம்பல் நிறம் தீர்ந்துபோகும். கடல் சாம்பல், வானம் சாம்பல், கடற்புறாக்கள் முக்கால்வாசி சாம்பல், என் மழைச்சட்டையும் அதே நிறம். மஞ்சள் கட்டியை மட்டும் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து மாற்றியதே இல்லை. போன மாதம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, நம் ஒரகடத்து ஆட்களோடு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு ஒரே ஒரு நாள் போய்வந்தேன். மஞ்சள் கட்டி காலி. அடியில் தகரம் தெரிகிறது. இந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே சொன்னால் "லவ்லி" என்பார்கள், பிறகு மழை வருமா என்று பேசப் போய்விடுவார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் அருள். பென்னலூர்க்காரன். ஒரகடத்தில் கார் முகப்பு விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில், மூன்றாவது லைனில், பதினோரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். மனைவி ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து அவள் முன்னால் போக, மகள் ஜென்சியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது ஜென்சிக்கு ஆறு வயது, இப்போது பதினைந்து. எனக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அங்கேயும் பரிசோதனைதான். விளக்கில் கீறல் தேடிய கண் இப்போது பிஸ்கட்டில் விரிசல் தேடுகிறது. வித்தியாசம் என்னவென்றால், பழுதான விளக்கைத் தின்ன முடியாது.

2

நான் ஓவியம் படித்தவன் இல்லை. என் கை பழகியதெல்லாம் செக் ஷீட்டில்தான். விளக்கின் உருவம் கோட்டுப்படமாக அச்சடித்திருக்கும். கண்ணாடியில் கீறலோ, குமிழோ, தூசியோ எங்கே இருக்கிறதோ, படத்தில் அதே இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வலது கீழ் மூலையில் தேதி, ஷிப்ட், கையெழுத்து. அச்சடித்த ஷீட் தீர்ந்துபோன நாட்களில் வெள்ளைத்தாளில் விளக்கை நானே வரைந்துகொள்வேன். இப்படி எத்தனை விளக்கு வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது விளக்கும் வலது விளக்கும் போடுவேன்.

எங்கள் லைன் லீடர் தேவகி அக்கா ஒன்றில் மட்டும் மசியமாட்டார். வட்டம் சற்றுக் கோணலாக இருந்தால் விட்டுவிடுவார். மூலையில் கையெழுத்து இல்லையென்றால் ஷீட்டை முகத்தின்மேல் வீசாத குறையாகத் திருப்பித் தருவார். "சைன் இல்லாத ஷீட்டு கக்கூஸ் பேப்பர்டா" என்பது லைன் முழுக்கக் கேட்கும்.

அந்தக் கையோடு சீமைக்குப் போனவன், முதல் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் கோட்டும் தொப்பியுமாகக் கடலைப் பார்த்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பிஸ்கட் கம்பெனி ஷீட் ஒன்று மடித்துக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் அவரை வரைந்தேன். வரைந்து முடித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. காதுக்கருவி பாதி வெளியே தொங்குகிறது: ஒரு வட்டம். கோட்டின் மூன்றாவது பொத்தான் நான்காவது துளையில்: ஒரு வட்டம். ஒரு காலுறை கறுப்பு, மற்றது நீலம்: இன்னொரு வட்டம். தேதி போட்டேன், பகல் என்பதால் 'ஏ ஷிப்ட்' என்றும் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

நிமிர்ந்தால் அவர் விழித்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, காதுக்கருவியைச் சரியாகச் செருகி, பொத்தானை மாற்றிப் போட்டார். "மனைவி போன பிறகு இதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆளில்லை" என்றார். பெயர் நார்மன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாக ஞாயிறு தோறும் கடற்கரையில் உட்கார்ந்து படம் வரையும் பெரியவர்கள் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. அதில் அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். வண்ணப்பெட்டியும் அவர் கொடுத்ததுதான்.

அவ்வளவுதான், ஊரில் பெயர் கிடைத்துவிட்டது. ஐஸ்கிரீம் கடைக்காரம்மா, நாய் நடத்த வருபவர்கள், குளிரில் நீலம்பாரித்தபடி கடலில் குளிக்கிற பைத்தியக்காரக் கிழவிகள், எல்லோரும் "என்னைப் போடு, வட்டத்தோடு போடு" என்பார்கள். தம் குறையை இவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்குகிற ஜனங்களை நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

அந்தத் தலைக்கனத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஜென்சிக்கு அப்போது பதின்மூன்று. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். காற்றில் முடி பறக்க, கடற்புறா ஒன்று அவள் பொட்டலத்தையே குறிவைத்து நிற்க, படம் நன்றாக அமைந்துவிட்டது. நான் வரைந்ததிலேயே அதுதான் முதல்தரம் என்று இப்போதும் சொல்வேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடித்துத் தின்ற நகம். அவிழ்ந்த ஷூ நாடா. தாடையில் ஒரு பரு. மூன்று வட்டம்.

எங்கள் ஓவியக் கூட்டத்தார் கோடை முடிவில் நடைபாதை டீக்கடையின் கண்ணாடி ஜன்னலில் படங்களை ஒட்டிவைப்பது வழக்கம். அதையும் ஒட்டினார்கள். அந்த டீக்கடை அவள் பள்ளி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது.

அவள் கத்தவில்லை. "அப்பா, அந்தப் பரு எனக்கே தெரியும்" என்றாள், ஆங்கிலத்தில், அந்த ஊர் இழுப்போடு. அன்றிலிருந்து நான் நோட்டைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள். இரண்டு வருடமாக என் மகள் படத்துக்காக என் முன்னால் உட்காரவில்லை. ஊரில் பாதிப்பேரை வரைந்துவிட்டேன். வீட்டில் இருக்கிற பிள்ளையை வரைய முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன், படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்தியாவுக்கு வர அவளுக்கு விசா விண்ணப்பம் நிரப்பியபோது இன்னொரு கூத்து. நம் ஊர்ப் படிவத்தில் 'உடலில் உள்ள அடையாளம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, பழக்கதோஷத்தில் நான்கு வரி எழுதிவிட்டேன். இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்காலில் காயத் தடம், முன்பல் லேசான சாய்வு என்று போய்க்கொண்டே இருந்தது. விசா கவுன்டரில் இருந்த தமிழ்க்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், ஒண்ணு போதும். நாங்க பொண்ணு பார்க்க வரல" என்றார். பக்கத்தில் நின்ற ஜென்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை.

4

மூன்றாவது லைன் ஓடத் தொடங்கிய நாளை எங்கள் ஆட்கள் லைனின் பிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார்கள். நான் இருந்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம். நான் வந்திருப்பது தெரிந்து தேவகி அக்கா போன் போட்டார். ஜென்சி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பென்னலூரில் வைஃபை சரியில்லாததால் வந்தாள்.

காலை ஆறரை மணிக்குக் கம்பெனி வாசலில் பஸ். பாதிப்பேர் இரவு ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடே ஏறினார்கள். நிரந்தர ஆட்கள் நீலம், கான்ட்ராக்ட் ஆட்கள் சாம்பல், பயிற்சிக்கு வந்தவர்கள் மஞ்சள். மற்றவர்கள் வீட்டிலிருந்து பளபளவென்று வந்தார்கள். கறுப்புக் குல்லா ஸ்வெட்டரில் வியர்த்து வழிய நின்ற ஜென்சியைத் தேவகி அக்கா ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கடலுக்குப் போறியா, ஊட்டிக்குப் போறியா? கயட்டி உள்ள வெய். வா, எம் பக்கத்துல குந்து."

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுவதற்குள் இரண்டுபேரும் தோழிகளாகிவிட்டார்கள். திருக்கழுக்குன்றம் வரும்போது அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"டேய் அருளு! கொயந்த மொகம் இன்னா ஹெட்லைட்டாடா ஒனக்கு? பரு மேல வட்டம் போட்டு ஜன்னல்ல வேற ஒட்டிக்கிற?"

தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து சிரித்தான். எனக்கு முகம் வைக்க இடமில்லை. ஆனால் ஜென்சியும் சிரித்ததைப் பார்த்தேன். வெட்கக்கேட்டிலும் அது நன்றாக இருந்தது.

5

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் இறங்கியதும் இரவு ஷிப்ட் ஆட்கள் செய்த முதல் வேலை, சவுக்கு மர நிழலில் படுத்ததுதான். பஸ்ஸில் உட்கார்ந்த வரிசையிலேயே இறங்கி, அதே வரிசையில் படுத்தார்கள். பஸ் வரிசை என்பது லைன் வரிசை. ஆகவே மணலில் மூன்றாவது லைன் முழுசாகத் தூங்கியது: முதலில் பல்பு மாட்டுகிறவர், அடுத்து ஒயர், அடுத்து கேஸ்கெட், கடைசியில் பேக்கிங். பின்னால் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக ஃபைபர் படகுகள், ஆரஞ்சு வலைக் குவியல், அவற்றைத் தாண்டிக் கண்கூசும் கடல். நான் இரண்டு எட்டு முன்னால் போவேன், மூன்று எட்டு பின்னால் வருவேன், எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் பசியோடு நுழைந்தவன் கதைதான்.

தூங்குகிறவர்கள் அசையமாட்டார்கள் என்பதால் அவர்களிடமிருந்து ஆரம்பித்தேன். நான்காவதாகப் போட்ட ஆள், முடிக்கும்போதே விழித்துவிட்டார்: இசக்கி. திருநெல்வேலிக்காரர், ஒயர் ஸ்டேஷன்.

"அண்ணாச்சி, இது நானா? என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா கெடக்கு?" என்று மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு மற்றவர்களை எழுப்பிக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். என்னைப் போடு, என்னைப் போடு என்று தள்ளுமுள்ளு.

கூட்டத்தைப் பார்த்தால் லைனாக்காமல் இருக்கமுடியாது தேவகி அக்காவுக்கு. என் தாள்கட்டை வாங்கி எண்ணினார். தாளுக்கு இரண்டாக ஏற்கனவே போட்ட நான்கு படமும் சேர்த்து இருபது தாள்தான். படகின் விளிம்பில் வைத்து எல்லாவற்றையும் சரிபாதியாகக் கிழித்தார்.

"நாப்பது பீஸ். டிரைவரோட சேத்து நாப்பது தல, படம் போடுற இவன வுட்டுட்டு. ஆளுக்கு ஒண்ணு. ரிஜெக்சன் கூடாது, பேப்பர் இல்ல." ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் பெரிதாக எழுதினார்: டார்கெட் 40. ஆக்சுவல் 4.

அதற்குப் பிறகு நடந்ததை நார்மனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நான் பேனாவால் உருவம் மட்டும் போட வேண்டும், ஆளுக்கு நான்கு நிமிடம். இசக்கி யூனிபாரத்துக்கும் சேலைக்கும் வண்ணம் அடிப்பார். பேக்கிங் ஆள் காற்றில் ஆட்டிக் காயவைப்பார். இரண்டு பெண்கள் அடுத்த ஆளைப் படகின்மேல் உட்காரவைத்து, முடியைச் சரிசெய்து தயாராக வைத்திருப்பார்கள். தண்ணீர் தீர்ந்ததும் இசக்கி குவளையில் கடல்தண்ணீரை மொண்டு வந்துவிட்டார். காய்ந்த படங்களில் எல்லோர் சட்டையிலும் உப்பு மினுங்கியது.

"சரி, க்யூசி யாரு? தரம் பார்க்க ஆள் வேணுமே" என்றேன், சிவப்புப் பேனாவை எடுத்தபடி.

அக்கா பேனாவைப் பிடுங்கினார். "செஞ்சவனே செக் பண்ணக் கூடாது. பதினோரு வருசம் குப்ப கொட்டுன, ரூல் மறந்துபூட்டியா? இன்னிக்கு நீ ப்ரொடக்சன். க்யூசி இந்தப் பொண்ணு."

பரிசோதகர்கள் கையில் சிவப்புப் பட்டை கட்டுவது வழக்கம். யாரோ தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி ஜென்சியின் கையில் கட்டினார்கள். பேனா அவளிடம் போனது. ஷீட்டைக் கைநீட்டித் தூரப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது எப்படி என்று அக்கா காட்டிக்கொடுத்தார். மூலையில் தேதி, ஷிப்ட், கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். கக்கூஸ் பேப்பர் வசனத்தோடுதான்.

முதல் படத்திலேயே வட்டம் விழுந்தது. "அப்பா, அண்ணனுக்கு ஆறு விரல்."

ஆமாம், ஆறுதான். கூட்டம் ஊளையிட்டது. அடுத்ததில், "இந்த ஆன்ட்டிக்குக் காதே இல்ல." அதற்கடுத்ததில், "இது யார்? இது அந்த அங்கிள் இல்ல, இது உருளைக்கிழங்கு." ஒவ்வொரு வட்டத்துக்கும் கைதட்டல். நான் திருத்துவேன், அவள் 'ஓகே' என்று எழுதுவாள், மணலில் எண் ஏறும். ஆட்களுக்கு அவள் ஒரு வட்டமும் போடவில்லை. வட்டமெல்லாம் நான் வரைந்த கோட்டுக்குத்தான். நான் வாங்கிய ரிஜெக்சனுக்கு அளவே இல்லை, நான் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்கும் இருந்ததும் இல்லை. ஓர் அலை வந்து டார்கெட் போர்டை அழித்துவிட்டுப் போக, கறுப்பு ஸ்வெட்டரைப் படகில் எறிந்துவிட்டு, ஜீன்ஸை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அவளே ஓடிப்போய் மேட்டில் திரும்ப எழுதினாள். தமிழ் எழுத்து வராமல் எண்களை மட்டும் எழுதினாள்: 40. 27.

நடுவில் அண்டாவிலிருந்து பிரியாணி வந்தது. அதைக்கூட ஷிப்ட் போட்டுத்தான் தின்றோம்.

6

மூன்று மணிக்கு மணலில் 39 என்று இருந்தது. டிரைவர் தன் படத்தை வாங்கி இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஹாரன் அடிக்கப் போய்விட்டார். ஒரு பாதித்தாள் மிச்சம்.

அது ஜென்சியுடையது. எல்லோருக்கும் தெரியும், காலையில் பஸ்ஸிலேயே கேட்ட கதைதானே. நான் அவளை உட்காரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்ற பயம். வண்ணப்பெட்டியை மூட ஆரம்பித்தேன்.

தேவகி அக்கா மட்டும் போர்டைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றார். "ஒரு பீஸ் கொறைஞ்சா நான் லைன மூட மாட்டேன். வண்டி நிக்கட்டும்."

ஜென்சி முப்பத்தொன்பதை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு படகின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள்.

"ரெட் பென் என்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும்மா."

நான்கு நிமிட வேலைக்குப் பதினொரு நிமிடம் ஆனது. பொய் சொல்லமாட்டேன், என் கண் பழக்கப்படி குறையைத்தான் தேடியது. நகம் இப்போது வளர்ந்திருக்கிறது, நீலப் பூச்சு கட்டைவிரலில் பெயர்ந்திருக்கிறது. ஷூ இல்லை, கால் முழுக்க மணல். தாடையில் பரு இல்லை. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. வேறு என்னென்ன வந்தது, போனது என்பதும் தெரியாது. புருவத் தழும்பு மேலேறிவிட்டது, கன்னம் ஒடுங்கி ஸ்டெல்லாவின் முகச்சாயல் வந்துவிட்டது. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வருடத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பேனாவை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். ஹாரன் இரண்டு முறை அடித்தது. இசக்கி அவள் சட்டைக்கு மிச்சமிருந்த மஞ்சளை எல்லாம் சுரண்டி அடித்தார். அவள் சட்டை வெள்ளை. யாரும் தடுக்கவில்லை.

அவள் ஷீட்டை வாங்கினாள். கைநீட்டித் தூரப் பிடித்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். வேறு எந்த ஷீட்டையும் அவள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பிறகு பேனாவின் மூடியைத் திறந்தாள்.

வட்டம் போட்டாள். ஒன்றே ஒன்று, வலது கீழ் மூலையில், காலி இடத்தில்.

"சைன் எங்க?" என்றாள்.

முப்பத்தொன்பதிலும் மறக்காமல் போட்டவன், இதில் மறந்திருந்தேன். கையை நீட்டினேன். அவள் ஒரு வினாடி யோசித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தாள். தேதி போட்டேன். ஏ ஷிப்ட் என்று எழுதினேன். எப்போதும் போடும் கையெழுத்தைப் போடாமல், வட்டத்துக்குள் பெரிய எழுத்தில் 'அப்பா' என்று எழுதினேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மை காய ஊதினாள். மேட்டுக்கு ஓடி 39-ஐக் காலால் அழித்துவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் திரும்பி, எங்கள் லைன் லீடரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு கத்தினாள்:

"நாப்பது ஓகே! வண்டிய எடு!"